விளக்கு யார் சொல்லைக் கேட்க வேண்டும்?

2025 மார்ச் 9, ஞாயிற்றுக்கிழமை. உலகெங்கும் பல வீடுகளில் டிவிக்குப் பின்னால் ஆண்டுக்கணக்கில் தொங்கிக்கொண்டிருந்த ஒரு சின்ன வட்டக் கருவி திடீரென்று சந்தேகத்துக்குரியதாகிவிட்டது. கூகுளின் இரண்டாம் தலைமுறை குரோம்காஸ்ட் அது. ஃபோனிலிருந்து படத்தையோ பாட்டையோ டிவிக்கு அனுப்பப் பார்த்தவர்களுக்கு, இது நம்பத்தகாத கருவி, இதைச் சரிபார்க்க முடியவில்லை என்ற அறிவிப்புதான் கிடைத்தது. யாரும் அதை உடைத்து நுழையவில்லை. வைரஸ் எதுவும் புகவில்லை. முதல்நாள் இரவு ஒழுங்காக ஓடிய அதே பொருள்தான்.

காரணம் எளியது. ஒவ்வொரு குரோம்காஸ்டுக்குள்ளும் தொழிற்சாலையிலேயே ஒரு மின்சான்றிதழ் வைக்கப்பட்டிருக்கும். ‘நான் அசல்தான்’ என்று அது ஃபோனிடம் காட்டும் அத்தாட்சி அது. அந்தச் சான்றிதழுக்குக் கையொப்பமிட்டது அதற்கு மேலுள்ள ஓர் இடைநிலைச் சான்றிதழ். அதன் ஆயுள் பத்து ஆண்டு. அன்றைக்கு அது முடிந்தது. காலாவதியான கையொப்பத்தை ஃபோன் ஏற்க மறுத்தது. ஃபேக்டரி ரீசெட் மட்டும் செய்துவிடாதீர்கள் என்று கூகுள் கேட்டுக்கொள்வதற்குள் பலர் அதைச் செய்து முடித்திருந்தார்கள். அவர்கள் பாடுதான் கூடுதல் திண்டாட்டம். சில நாட்களில் புதுப்பிப்பு அனுப்பிச் சரிசெய்தார்கள்.

கருவிகளின் பாதுகாப்பைப் பற்றிய பேச்சு பெரும்பாலும் திருடனைப் பற்றியதாகவே இருக்கிறது. குரோம்காஸ்ட் விவகாரத்தில் திருடனே இல்லை. கணிதம் பிசகவில்லை, மறையாக்கம் உடையவில்லை, சான்றிதழைச் சோதித்த நிரல் தன் கடமையைச் சரியாகச் செய்தது. கருவிக்கு வயதாகும் என்பதை மட்டும் யாரோ மறந்துவிட்டார்கள். கடந்த கால் நூற்றாண்டில் இந்தத் துறையில் நடந்த பெரிய சறுக்கல்களை அடுக்கிப் பார்த்தால் இதே சாயல் திரும்பத் திரும்பத் தெரிகிறது. கருவி எந்த நொடியில் ஒருவருக்குச் சொந்தமாகிறது, எப்படிக் கைமாறுகிறது, எப்போது ஓய்கிறது என்ற கேள்விகளுக்கு விடை சொல்லாமல் விட்ட இடங்களில்தான் பூட்டு திறந்துகொண்டது, அல்லது திறக்கவே மாட்டேன் என்றது.

விடையே இல்லாத நிலைக்குச் சரியான உதாரணம் 2016-இல் பரவிய மிராய். இணைய முகவரிகளைக் கண்டபடி தட்டிப் பார்த்து, டெல்நெட் என்ற பழங்காலத்து நுழைவாயில் எங்கே திறந்திருக்கிறது என்று தேடும் நச்சுநிரல் அது. திறந்திருந்தால், தன்னிடமுள்ள 62 பயனர்பெயர்–கடவுச்சொல் ஜோடிகளிலிருந்து பத்தை எடுத்து முயலும். ‘அட்மின்’, ‘ரூட்’, ‘12345’, ‘888888’ என்ற தரத்திலானவை. இந்தச் சில்லறைச் சாவிக்கொத்தை வைத்துக்கொண்டு, உச்சத்தில் ஏறத்தாழ ஆறு லட்சம் கருவிகளை அது கைக்குள் வைத்திருந்தது. பெரும்பாலானவை சிசிடிவி கேமராக்கள், அவற்றின் பதிவுப்பெட்டிகள், வீட்டு ரவுட்டர்கள். அந்த ஆண்டு அக்டோபர் 21 அன்று டின் என்ற நிறுவனத்தின், இணையதளப் பெயர்களை முகவரிகளாக மாற்றித்தரும் பெயர்ச் சர்வர்களை இவை மூச்சுத் திணற வைத்தபோது ட்விட்டர், நெட்ஃபிளிக்ஸ், ரெடிட் எல்லாம் அமெரிக்காவில் பல மணிநேரம் தடுமாறின. மிராயை எழுதியது ஏதோ ஒரு வல்லரசின் உளவுத்துறை என்று பலர் பேசிக்கொண்டார்கள். கடைசியில் பார்த்தால், மைன்கிராஃப்ட் விளையாட்டுச் சர்வர் தொழிலில் போட்டியாளர்களைக் கவிழ்க்கக் கிளம்பிய மூன்று அமெரிக்க இளைஞர்கள். 2017 டிசம்பரில் நீதிமன்றத்தில் குற்றத்தை ஒப்புக்கொண்டார்கள்.

மக்கள் கடவுச்சொல்லை மாற்றாததுதான் காரணம் என்று அப்போது பலரும் உபதேசித்தார்கள். பாதிதான் உண்மை. சீனாவின் சியோங்மாய் நிறுவனத்தின் பாகங்களைக் கொண்ட கேமராக்களில் உரிமையாளர் பிரவுசர் வழியே கடவுச்சொல்லை மாற்றலாம். ஆனால் டெல்நெட்டுக்கான கடவுச்சொல் கருவியின் அடிப்படை நிரலான ஃபர்ம்வேரிலேயே பதிந்திருந்தது. அதை மாற்ற வழியும் இல்லை, அப்படி ஒன்று இருப்பது அவருக்குத் தெரியவும் தெரியாது. வாசலுக்குப் புதுப்பூட்டு போட்டவரின் கொல்லைக்கதவுச் சாவி ஊரார் எல்லோரிடமும் இருந்த கதை. அந்தக் கேமராவுக்குத் தன் உரிமையாளர் யார் என்ற உணர்வே கிடையாது. சரியான சொல்லைச் சொன்னவர் எவரோ அவரே எஜமான்.

இந்த உணர்வை எப்படி ஊட்டுவது என்று மிராய்க்குப் பதினேழு ஆண்டுகளுக்கு முன்பே எழுதி வைத்துவிட்டார்கள் என்பதுதான் வேடிக்கை. கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தின் ஃபிராங்க் ஸ்டஜானோவும் ராஸ் ஆண்டர்சனும் 1999-இல் வெளியிட்ட ஆய்வறிக்கையின் தலைப்பு ‘உயிர்த்தெழும் வாத்துக்குஞ்சு’. முட்டையிலிருந்து வெளிவரும் காட்டு வாத்துக் குஞ்சு, முதலில் கண்ணில் படும் அசையும் பொருளையே தாயாக வரித்துக்கொள்ளும் என்பதை ஆஸ்திரிய விலங்கியலாளர் கொன்ராட் லோரன்ஸ் ஆராய்ந்து காட்டியிருந்தார். கருவியும் அப்படியே இருக்கட்டும் என்றார்கள் இருவரும். பெட்டியிலிருந்து வெளியே வந்ததும் தனக்கு முதலில் ஒரு ரகசியச் சாவியைக் கொடுப்பவரையே அது தாயாக ஏற்கும். அதன்பின் சாகும்வரை அந்தத் தாயின் சொல்லை மட்டுமே கேட்கும். கைமாற வேண்டுமானால் தாயே அதைக் ‘கொல்ல’ வேண்டும். நினைவழிந்து மறுபடி பிறக்கும் குஞ்சு அடுத்த தாயைத் தேடிக்கொள்ளும்.

அவர்கள் எடுத்துக்கொண்ட காட்சி ஒரு மருத்துவமனை. கிருமிநாசினிக் கிண்ணத்தில் பல மின்னணு வெப்பமானிகள் கிடக்கின்றன. மருத்துவர் ஒன்றை எடுக்கிறார். அது தன் அளவீட்டை அவருடைய கையடக்கக் கணினிக்குத்தான் அனுப்ப வேண்டும். அடுத்த கட்டிலின் நோயாளியுடைய வெப்பநிலை இவர் திரையில் வந்துவிடக் கூடாது. இதற்கு அவர்கள் சொன்ன வழி, இரண்டையும் ஒருமுறை தொடவைப்பது. மின்தொடர்பு வழியே சாவி கடந்துபோகும். மறையாக்கம்கூட வேண்டாம், ஏனென்றால் நடுவில் யாரும் இல்லை. எந்தக் கருவி எந்தக் கருவியோடு உறவு கொள்கிறது என்பதிலும் குழப்பமில்லை, கண்ணால் பார்க்கலாம். அந்தப் பக்கங்களில் இன்னொரு யோசனையும் வருகிறது. குஞ்சைத் தற்கொலை செய்துகொள்ளச் சொல்லும் அதிகாரத்தைத் தயாரிப்பாளரும் கையில் வைத்திருக்கலாம் என்று, ஜப்பானியச் சாமுராய்களின் மரபிலிருந்து ஒரு பெயரையும் அதற்குச் சூட்டினார்கள். அன்றைக்கு அது பேராசிரியர்களின் குறும்பாகத் தோன்றியிருக்கும்.

தொட்டுப் பிறக்க வைக்கும் இந்த யோசனையைத் தொழிற்சாலைகள் அப்படியே எடுத்துக்கொள்ளவில்லை. தொடுமுனைக்குக் காசு ஆகும், கூரையில் மாட்டிய விளக்கை யார் ஏணி வைத்து ஏறித் தொடுவது? எனவே ‘தொடு’ என்பதற்குப் பதில் ‘பக்கத்தில் வா’ என்று வைத்தார்கள். ரேடியோ அலை பலமாகக் கேட்டால் ஆள் பக்கத்தில்தான் இருக்கிறார் என்று கருதிக்கொள்வது. ஜிக்பீ என்ற ரேடியோ முறையில் பேசும் விளக்குகளில் இதற்கு ‘டச்லிங்க்’ என்று பெயர். பெயரில் மட்டும் தொடுகை எஞ்சியிருந்தது.

2016-இல் எயல் ரோனென், அடி ஷமீர் உள்ளிட்ட நால்வர் குழு இதன் விலையைக் காட்டியது. ஆர்எஸ்ஏ என்ற மறையாக்க முறையின் பெயரிலுள்ள எஸ், இந்த ஷமீர்தான். அவர்கள் எடுத்துக்கொண்டது பிலிப்ஸ் ஹியூ விளக்கு. அதற்குள் இருந்த ரேடியோ சிப்பின் நிரலில் ஒரு சிறு பிழை. கட்டளையோடு வரும் பரிமாற்ற எண் பூச்சியமாக இருந்தால், அனுப்புபவர் பக்கத்தில் இருக்கிறாரா என்ற சோதனையே நடக்காது. அந்த ஓட்டை வழியே ‘ஃபேக்டரி ரீசெட்’ கட்டளையை அனுப்பினார்கள். விளக்கு தன் வீட்டை மறந்தது, புது வலையமைப்பைத் தேடியது, இவர்களோடு சேர்ந்துகொண்டது. ஸ்டஜானோவின் மொழியில் சொன்னால், தாய்க்குத் தெரியாமல் குஞ்சைக் கொன்று வேறொருவர் தாயாகிவிட்டார். டிரோனில் கருவியைக் கட்டிப் பறக்கவிட்டு, 350 மீட்டர் தொலைவிலிருந்து ஓர் அலுவலகக் கட்டிடத்தின் விளக்குகளை அணைத்து அணைத்து எரியவிட்டும் காட்டினார்கள்.

அதோடு நின்றிருந்தால் வேடிக்கை காட்டும் வித்தையாகவே முடிந்திருக்கும். விளக்கின் ஃபர்ம்வேரைப் புதுப்பிக்கும்போது, வந்திருப்பது பிலிப்ஸ் அனுப்பியதுதானா என்று சரிபார்க்க ஒரு ரகசியச் சாவி உண்டு. ஒரே வகை விளக்குகள் அத்தனைக்கும் அது ஒரே சாவி. சிப் வேலை செய்யும்போது அது இழுக்கும் மின்சாரம் மிக நுண்ணியதாக ஏறி இறங்கும். அந்த ஏற்ற இறக்கத்தை அளந்தே சாவியைக் கறந்துவிட்டார்கள். இனி ஒரு விளக்கில் நச்சுநிரலை ஏற்றினால் அது அடுத்த வீட்டு விளக்குக்குத் தாவும், அங்கிருந்து அதற்கடுத்த வீட்டுக்கு. பாரிஸ் அளவுள்ள நகரில் இப்படிப்பட்ட விளக்குகள் ஏறக்குறைய 15,000 சிதறிக் கிடந்தாலே இந்தத் தொடர்வினை நிற்காமல் ஊரைச் சுற்றிவிடும் என்று கணக்குப் போட்டார்கள். முன்கூட்டியே தகவல் தெரிவித்திருந்ததால், அந்த ஆண்டு அக்டோபரில் பிலிப்ஸ் ஓட்டையை அடைத்தது.

இவ்விடத்தில் கவனிக்க வேண்டியது, பாதுகாப்பு இல்லாமல் இது நடக்கவில்லை என்பது. மிராய் புகுந்த கேமராக்கள் அலட்சியத்தின் பிள்ளைகள். ஹியூ விளக்கை வடிவமைத்தவர்கள் தரமான மறையாக்கத்தைத்தான் பயன்படுத்தியிருந்தார்கள். ஆனால் லட்சக்கணக்கான பொருட்களுக்கு ஒரே ரகசியம் என்றால், அவற்றில் ஒன்றைக் காசு கொடுத்து வாங்கி மேசைமேல் பிரித்துப் போட்டவருக்கு எல்லாமே திறந்துவிடும்.

சரி, ஒவ்வொரு கருவிக்கும் தனிச்சாவி இருக்கட்டும் என்றால், அதை உண்டாக்குவது யார்? கருவியே உண்டாக்கிக்கொள்ளட்டும் என்பது நியாயமாகத்தான் படுகிறது. 2012-இல் நாடியா ஹெனிங்கரும் உடன் ஆய்வாளர்களும் இணையம் முழுவதிலும் கிடைத்த பொதுச்சாவிகளைத் திரட்டி ஒன்றோடொன்று ஒப்பிட்டார்கள். ஆர்எஸ்ஏ சாவி என்பது இரண்டு பெரிய பகா எண்களின் பெருக்கல். பெருக்கலை ஊர் பார்க்கலாம், அந்த இரண்டு எண்களை யாரும் கண்டுபிடிக்க முடியாது என்பதே அதன் பலம். ஆனால் இரண்டு கருவிகளின் சாவிகளில் ஒரு பகா எண் பொதுவாக இருந்துவிட்டால், மீப்பெரு பொது வகுத்தி காணும் பள்ளிக்கூடக் கணக்கே இரண்டையும் உடைத்துவிடும். டிஎல்எஸ் என்ற இணையப் பாதுகாப்பு முறையைப் பயன்படுத்திய முகவரிகளில் 0.5 சதவீதத்தின் ரகசியச் சாவியை அவர்கள் இப்படியே கண்டுபிடித்தார்கள். மாட்டியவை பெரும்பாலும் ரவுட்டர், ஃபயர்வால் போன்ற, விசைப்பலகையும் மவுஸும் இல்லாத பெட்டிகள். கணினி நேர்ச்சி எண்களை உண்டாக்க, நாம் தட்டும் விசை, வட்டு சுழலும் நேரம் போன்ற ஒழுங்கற்ற நிகழ்வுகளைச் சேகரித்துக்கொள்ளும். முதன்முறை மின்சாரம் பாய்ந்த ரவுட்டருக்கு அப்படி எந்த அனுபவமும் இல்லை. ஒரே தொழிற்சாலையில் பிறந்த பெட்டிகள், ஒரே நிரலோடு கண்விழித்து, ஒரே ‘நேர்ச்சி’ எண்ணை எடுத்துக்கொண்டன. பிறந்த கணத்தில்தான் கருவி மிகவும் பலவீனமாக இருக்கிறது, ஆயுளுக்கும் வேண்டிய ரகசியத்தை அந்தக் கணத்தில்தான் நாம் அதனிடம் கேட்கிறோம்.

இவ்வளவு அடிகளுக்குப் பிறகு வந்தது மேட்டர் என்ற பொதுத் தரநிலை. ஆப்பிள், அமேசான், கூகுள், சாம்சங் எல்லாம் ஒரே மேசையில் உட்கார்ந்து 2022 அக்டோபரில் வெளியிட்டவை அதன் முதல் விதிகள். கடையில் வாங்கிய மேட்டர் விளக்கு ஒன்றை மாட்டி, ஃபோனால் அதன் கியூஆர் குறியைப் படிக்கும் சில நொடிகளுக்குள் நடப்பதைப் பார்த்தால், மேலே சொன்ன கதைகள் எல்லாம் அதில் பாடமாகப் பதிந்திருப்பது தெரியும்.

விளக்கு இணையத் தயாராகக் காத்திருப்பது குறிப்பிட்ட நேரம்தான், பொதுவாகப் பதினைந்து நிமிடம். கியூஆர் குறிக்குள் எட்டு இலக்க ரகசிய எண் ஒன்று இருக்கும். 12345678, 11111111 போன்றவற்றை அந்த எண்ணாக வைக்கக் கூடாது என்று விதி பெயர் சொல்லியே தடுக்கிறது. இவ்வளவு பெரிய நிறுவனங்கள் கூடி இதை எழுத வேண்டியிருந்ததே என்று சிரிப்பு வந்தாலும், மிராய்க்குப் பிறகு யாரையும் நம்புவதற்கில்லை. அந்த எண்ணை ஃபோன் விளக்குக்கு அனுப்புவதில்லை. எண் எனக்குத் தெரியும் என்பதை எண்ணைச் சொல்லாமலே இருபக்கமும் நிரூபிக்கும் கணித உரையாடல் ஒன்று நடக்கிறது. நடுவில் ஒட்டுக்கேட்பவருக்கு எண்ணை ஊகிக்க உதவும் எதுவும் மிஞ்சாது. பிறகு ஃபோன் ஒரு நேர்ச்சி எண்ணை அனுப்பி, இதில் கையொப்பமிடு என்கிறது. தொழிற்சாலையில் தனக்கென்றே வைக்கப்பட்ட தனிச்சாவியால் விளக்கு கையொப்பமிட்டு, தன் பிறப்புச் சான்றிதழையும் நீட்டுகிறது. அது யாரால் வழங்கப்பட்டது, அவருக்கு அந்த உரிமையைக் கொடுத்தது யார் என்று சங்கிலி நீள்கிறது. அதன் தலைமுனை, தரநிலை அமைப்பு பராமரிக்கும் பொதுப்பதிவேட்டில் இருக்கிறதா என்று ஃபோன் பார்க்கிறது. இல்லையென்றால் எச்சரிக்கும்.

அடுத்தது முக்கியம். பிறப்புச் சான்றிதழோடு அந்த விளக்கு வீட்டு வேலைக்கு இறங்குவதில்லை. தனக்குள்ளேயே புதிதாக ஒரு சாவி ஜோடியை உண்டாக்குகிறது. வீட்டின் ‘நிர்வாகி’ அதற்கு வேறொரு சான்றிதழ் தருகிறார். இது எங்கள் வீட்டு விளக்கு என்பதற்கான அத்தாட்சி அது. ரீசெட் செய்தால் இது அழியும், பிறப்புச் சான்றிதழ் நிற்கும். எந்த நிறுவனம் செய்தது என்பதையும் யாருக்குச் சொந்தம் என்பதையும் இப்படித் தெளிவாகப் பிரித்து வைத்ததே மேட்டரின் உண்மையான சாதனை என்பது என் எண்ணம். ஒரே கருவி குறைந்தது ஐந்து நிர்வாகங்களுக்குக் கீழே ஒரே சமயத்தில் இருக்கவும் முடியும். ஐந்து தாய்களுக்கு ஒரு குஞ்சு. லோரன்ஸ் பார்த்திருந்தால் தலையைச் சொறிந்திருப்பார். பிறப்புச் சான்றிதழுக்குக் காலாவதித் தேதியாக 9999 டிசம்பர் 31 என்று போட்டுக்கொள்ளவும் விதி இடம் தருகிறது. குரோம்காஸ்டுக்கு நேர்ந்தது இதற்கு நேராது. ஆனால் தானாகச் சாகாத சான்றிதழின் சாவி திருடுபோனால் அதை யாராவது முனைந்து செல்லாததாக்க வேண்டும். அந்தச் செய்தி ஒவ்வொரு ஃபோனுக்கும் போய்ச் சேரவும் வேண்டும். சிக்கல் இடம் மாறியிருக்கிறது, அவ்வளவுதான்.

கைமாறும் சிக்கல், கருவியை ரீசெட் செய்வதோடு தீர்ந்துவிடுவதில்லை. மேட்டருக்கு முன்பே, 2019-இல் வெளிவந்த ஒரு செய்தி: கூகுளின் நெஸ்ட் கேமராவை விற்றவர், அதை முறைப்படி ரீசெட் செய்த பிறகும், தன்னிடமிருந்த விங்க் என்ற வேறொரு நிறுவனத்தின் செயலி வழியே, வாங்கியவர் வீட்டின் படங்களைப் பார்க்க முடிந்தது. கருவி பழைய உறவை மறந்துவிட்டது. இரண்டு நிறுவனங்களின் சர்வர்களுக்கு இடையே இருந்த உறவு மறக்கவில்லை. தெரிந்ததும் அடைத்தார்கள். உடைமை இன்று கருவியில் மட்டும் இருப்பதில்லை, கண்ணுக்குத் தெரியாத கணக்குகளிலும் கிளைத்துக் கிடக்கிறது.

இன்னொரு வகைச் சிக்கலில் தொழில்நுட்பம் அப்பழுக்கில்லாமல் வேலை செய்யும், விளைவு கொடுமையாக இருக்கும். குடும்ப வன்முறைக்கு ஸ்மார்ட் கருவிகள் பயன்படுவதைப் பற்றி 2018-இல் நியூயார்க் டைம்ஸ் விரிவாக எழுதியது. போட்ட ஏசி தானாக அணைகிறது. வாசல் பூட்டின் எண் தினமும் மாறுகிறது. அழைப்புமணி அடிக்கிறது, போய்ப் பார்த்தால் ஆளில்லை. வீட்டை விட்டுப் போய்விட்ட கணவன் ஃபோனிலிருந்து செய்யும் வேலை. இவற்றில் எந்தக் கருவியும் ஏமாறவில்லை. அதன் பார்வையில் நிர்வாகி கட்டளையிட்டார், அது பணிந்தது. அந்த வீட்டில் உண்மையில் வாழும் பெண்ணின் பெயர் எந்தச் சான்றிதழிலும் இல்லை. ஒரு வீட்டுக்கு ஒரு தலைவர் என்ற அனுமானத்தை நிரலில் எழுதியவர்கள் அதை ஓர் அனுமானமாகவே உணர்ந்திருக்க மாட்டார்கள். சரிபார்ப்பு இங்கே எவ்வளவு வலுவாக இருக்கிறதோ, அந்தப் பெண்ணுக்கு அவ்வளவு ஆபத்து.

எதிர்த்திசையிலும் வலுவான பூட்டு ஆளைக் கொல்லலாம். அமெரிக்க முன்னாள் துணை அதிபர் டிக் செனி, தன் நெஞ்சிலிருந்த இதயக்கருவியின் வயர்லெஸ் வசதியைக் கொலை முயற்சிக்கு அஞ்சி 2007-இல் அணைக்கச் சொன்னதாகப் பின்னாளில் தெரிவித்தார். 2017 ஆகஸ்டில், ஏறத்தாழ 4,65,000 பேஸ்மேக்கர்களுக்கு ஃபர்ம்வேரை மாற்ற வேண்டும் என்று அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் அறிவித்தது. உரிமையில்லாதவர் கட்டளையிட்டு மின்கலத்தை வற்றச் செய்யவும் துடிப்பை மாற்றவும் வழி இருந்ததே காரணம். அப்படியானால் கடவுச்சொல் போட்டுப் பூட்டிவிடலாமா? அந்த நோயாளி வெளியூரில் மயங்கி விழுந்து, முன்பின் தெரியாத மருத்துவமனைக்குக் கொண்டுவரப்பட்டால்? அங்குள்ள மருத்துவர் எந்தப் பதிவேட்டிலும் ‘தாய்’ அல்ல. ஆனால் அந்த நேரத்தில் அவர் சொல்லைத்தான் பேஸ்மேக்கர் கேட்டாக வேண்டும். 2013-இல் மசூத் ரோஸ்டாமி, ஆரி ஜூவல்ஸ், ஃபரினாஸ் கௌஷன்ஃபர் மூவரும் ஒரு வழி சொன்னார்கள். மருத்துவர் நோயாளியின் உடலைத் தொட்டு இதயத் துடிப்பை அளக்கிறார். உள்ளே பேஸ்மேக்கரும் அதே நேரத்தில் அதே துடிப்பை அளக்கிறது. துடிப்புகளுக்கிடையேயான இடைவெளி நொடியின் நுண்பகுதிகளில் மாறிக்கொண்டே இருக்கும், அதைத் தொலைவிலிருந்து முன்கூட்டிச் சொல்ல முடியாது. இரண்டு அளவும் ஒத்துப்போனால் கதவு திறக்கும். யார் நீ என்று அது கேட்பதில்லை, பக்கத்தில் நின்று தொட்டுக்கொண்டிருக்கிறாயா என்று மட்டும் கேட்கிறது.

சட்டங்கள் இப்போதுதான் வந்து சேர்கின்றன. எல்லாக் கருவிக்கும் ஒரே கடவுச்சொல் வைப்பதைப் பிரிட்டன் 2024 ஏப்ரல் 29 முதல் தடைசெய்துவிட்டது. அதற்கு முன்பே, 2020-இல், கலிஃபோர்னியாவில் இதே நோக்கில் ஒரு சட்டம் நடைமுறைக்கு வந்திருந்தது. இந்தியாவில் 2025 ஏப்ரல் முதல், சிசிடிவி கேமராக்கள் பாதுகாப்புச் சோதனையில் தேறிய பிறகே சந்தைக்கு வர முடியும். ஐரோப்பிய ஒன்றியத்தின் இணையத் தாங்குதிறன் சட்டம் 2027 டிசம்பரில் முழுமையாக அமலாகும். பொருளின் பயன்பாட்டுக் காலமே குறைவாக இருந்தாலொழிய, குறைந்தது ஐந்து ஆண்டு பாதுகாப்புப் புதுப்பிப்பு தர வேண்டும் என்கிறது அது. பிறப்பைப் பற்றி இவை நன்றாகவே யோசித்திருக்கின்றன. நிறுவனம் கடையைக் கட்டிவிட்டால் கருவியின் கதி என்ன என்பதில் எல்லாமே தயங்குகின்றன.

ரெவால்வ் என்ற வீட்டு மையக்கருவியை 300 டாலர் கொடுத்து வாங்கியவர்களுக்கு அந்தக் கதி தெரியும். நிறுவனத்தை 2014-இல் கூகுளின் நெஸ்ட் வாங்கியது. 2016 மே 15 அன்று சர்வரை அணைத்தது. வீடுகளில் இருந்த கருவிகள் அத்தனையும் அன்றே செத்தன. 1999-இல் குறும்பாகத் தோன்றிய தற்கொலைக் கட்டளை நிஜத்தில் இவ்வளவு சாதாரணமாக, ஓர் அறிவிப்புப் பக்கமாக வந்தது. பெப்பிள் கைக்கடிகாரத்தின் முடிவு வேறு மாதிரி. 2016 இறுதியில் அதன் மென்பொருளை ஃபிட்பிட் வாங்கியது, கடிகாரத் தயாரிப்பு நின்றுபோனது. ஆனால் 2017-இல் அதன் செயலிக்கு ஒரு புதுப்பிப்பு வந்தது. சர்வரில் உள்நுழைந்துதான் ஆக வேண்டும் என்ற நிபந்தனையை அது தளர்த்தியது. எங்கள் சர்வர் பதில் சொல்லாவிட்டாலும் கடிகாரம் தன் உரிமையாளரின் ஃபோனோடு தொடர்ந்து பேசட்டும் என்பதற்காக, பெப்பிள் குழுவினர் கிளம்பும் முன் செய்த வேலை. அந்தக் கடிகாரங்களை ஆர்வலர்கள் ரெபிள் என்ற பெயரில் தாங்களே சர்வர் நடத்தி ஓட்டிக்கொண்டிருந்தார்கள். அந்தப் புதுப்பிப்பைச் செய்ய வேண்டும் என்று எந்தச் சட்டமும் பெப்பிள் குழுவினரைக் கேட்கவில்லை. கேட்டிருக்கலாம், எழுதுவதற்கு ஒரு பத்தி போதும்.